18 டிகிரி எல்லாம் ஒரு கோடையா?

வேலூரான் (விட்லி பே):
இங்க வந்து மூணு கோடை பார்த்தாச்சு. இங்கிலாந்துல நியூகாசிலுக்குக் கிழக்கே, வடகடல் கரை. ஜூலைப் பகல்ல 18 டிகிரி, ராத்திரி 12. வேலூர் மே மாசத்துல குழாயைத் திறந்தா வெந்நீர் கொட்டும், அதுல வளர்ந்தவன் நான். போன வாரம் கூட வேலை பார்க்கற ஒருத்தர், "பாவம், கோடையே இல்லாத ஊர்ல வந்து மாட்டிக்கிட்டீங்க"ன்னார். எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கடலோரமா மூணு மைல் நடக்கறேன், சட்டை காஞ்சே இருக்கு. இதை விட என்ன வேணும்? இங்க இருக்கறவங்க சொல்லுங்க.

இரவுப்பணி (டைன்மவுத்):
மூணு கோடைதானே தம்பி? எனக்குப் பதினொண்ணு முடிஞ்சுது. ஒரு ஜூன் சனிக்கிழமை நியூகாசில் நடுவுல மானுமென்ட் ஸ்டேஷன்கிட்ட 24 டிகிரி, பொண்ணு கையில ஐஸ்கிரீம் முழங்கை வரைக்கும் வழியுது. மெட்ரோ ஏறி 25 நிமிஷம். டைன்மவுத்ல கதவு திறந்ததும் ஈரத்துணியை முகத்துல போட்ட மாதிரி இருந்துச்சு. பிளாட்பாரத்தோட அந்தக் கோடி தெரியல. ஊர்க்காரங்க ஃப்ரெட்னு சொல்ற கடல்மூட்டம். அவளுக்குப் பல் கிட்டிக்கிச்சு. அன்னைக்குக் காலையில நல்ல வெயில்னு நம்பிக் கூழ் வடாம் பிழிஞ்சு தோட்டத்துல வச்சிருந்தேன். மூணாம் நாள் பச்சையா பூசணம் பூத்திருந்தது. வடாம் காயாத ஊர்ல கோடை வந்துச்சுன்னு நான் எப்படி ஒத்துக்கறது?

வேலூரான்:
அக்கா, வடாமை வச்சு ஒரு ஊரை எடை போடறீங்களே! ஃப்ரெட் வர்றது கடல் சூடேற நேரமாகறதால. மே மாசத்துலயும் தண்ணி 9 டிகிரி கிட்டதான் இருக்கும். ஐரோப்பாப் பக்கமிருந்து வர்ற வெதுவெதுப்பான காத்து அது மேல நகரும்போது அடியில குளிர்ந்து மூட்டமாயிடுது. உள்நாட்டுப் பக்கம் தரை சூடாகி அதைக் கலைச்சிடும், கரையில மட்டும் தங்கிடும். காத்து கிழக்கே இருந்து வந்தாதான் இந்தப் பாடு. மேற்குக் காத்து அடிக்கற நாள்ல வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். மழையைப் பென்னைன் மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிட்டு வருது. மேற்கே லேக் டிஸ்ட்ரிக்ட்ல இருக்கற சீத்வெயிட்டுக்கு வருஷத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல. நமக்கு 600 சொச்சம். சென்னையில பெய்யறதுல பாதி கூட இல்ல. "இங்கிலாந்துன்னா எப்பவும் மழை"ன்னு ஊர்ல பேசறாங்க பாருங்க.

வல்லைக்காற்று (ஈஸ்ட் ஹாம், லண்டன்):
தம்பி சொல்லுறதில ஒரு பாதி சரி. 2022 ஜூலை 19ஐ மறந்துபோனியளோ? ஹீத்ரோவில 40.2. லிங்கன்ஷயர் கொனிங்ஸ்பியில 40.3. நாங்கள் இருக்கிறது வரிசை வீட்டு மேல்மாடி. செங்கல் சுவர் பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சுப்போட்டு இரவில எங்களுக்கு மேல கக்கிச்சு. ஃபான் வாங்கப் போனால் கடையில ஒண்டும் இல்லை. சின்னவன் வெறும் குளியல் தொட்டிக்குள்ள தலகாணி போட்டுப் படுத்தவன். அண்டைக்கு ஆரும் 18 டிகிரியை விலைக்கு வித்திருந்தால் நான்தான் முதல் ஆளாப் போய் நிண்டிருப்பன்.

ஆனா கடலைப் பற்றிப் பெருமை கதைக்க வேண்டாம். நான் கடற்கரையில பிறந்தவன். கடலெண்டால் இறங்கிக் குளிக்கோணும். உங்கட வடகடல் ஆகஸ்டிலயே 14, 15 தான். போன வருசம் உங்கட பக்கம் வந்து காலை மட்டும் நனைச்சன், கணுக்கால் எலும்பு வரைக்கும் கடுத்தது. சும்மா பார்த்துக்கொண்டு நிக்கிறதுக்கு ஒரு கடலோ?

வேலூரான்:
ஜனவரியிலயே கம்பளித் தொப்பியோட இறங்கற பாட்டிங்க இங்க நிறைய இருக்காங்க அண்ணா. நான் இறங்கல, அது வேற விஷயம்.

தெற்கத்தி (ஈஸ்ட்போர்ன்):
இங்கிலாந்துக் கரைன்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைச்சுப் பேசறீங்க. 1911 ஜூலையில எங்க ஊர்ல 383.9 மணி நேரம் வெயில் பதிவாச்சு. ஒரே மாசத்துல இவ்வளவுன்னா, இன்னைக்கு வரைக்கும் நாட்டுக்கே அதுதான் உச்சம். கோடையில 20, 21 டிகிரி, கடல் காத்து, மூட்டம் எப்பவாவது. குளிர் வேணும், வெளிச்சமும் வேணும்னா தெற்கே வாங்க. வீட்டு வாடகையைப் பத்தி மட்டும் என்கிட்ட கேட்காதீங்க.

இரவுப்பணி:
வாடகைதானே எங்களை இங்க கட்டிப் போட்டிருக்கு.

தம்பி, வடாமை விடுங்க, நர்ஸா ஒண்ணு சொல்றேன். வைட்டமின் டி உண்டாகத் தோலுக்குத் தேவை வெப்பம் இல்ல, வெயில். இந்தக் காத்துக்குப் பயந்து ஜூலையிலயும் முழுக்கை ஜாக்கெட் மாட்டிக்கறோம், அப்புறம் எங்கேர்ந்து வெயில் படும்? இலையுதிர், குளிர் மாசங்கள்ல எல்லாருமே தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கறதைப் பத்தி யோசிக்கணும்னு இங்கத்து அரசு மருத்துவ சேவை என்.எச்.எஸ். சொல்லுது. நம்ம மாதிரி தெற்காசியத் தோல்காரங்க வருஷம் பூரா. நீங்க எடுத்துக்கறீங்களா? இன்னொண்ணு, ஜூன்ல நாலரைக்கே விடிஞ்சிடுது. நைட் டூட்டி முடிச்சு வந்து கறுப்புத் திரை போட்டுக்கிட்டுப் படுக்கறேன். டிசம்பர்ல மூணே முக்காலுக்கெல்லாம் இருட்டிடும். கோடையில கொஞ்சம் சூடாவது கிடைச்சிருந்தா அந்த இருட்டைத் தாங்கிக்கலாம். இங்க ரெண்டும் இல்லாம போகுது.

வேலூரான்:
மாத்திரை எடுத்துக்கல. நாளைக்கே வாங்கறேன். டிசம்பர் இருட்டைப் பத்தி என்னாலயும் வாதாட முடியாது, போன வருஷம் நானே ஊருக்கு ஓடிட்டேன். ஆனா மாஸ்கோ அட்சரேகையும் நம்ம அட்சரேகையும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஜனவரிப் பகல்ல அங்க உறைஞ்சு கிடக்கு, இங்க 6, 7 டிகிரி. நாட்டைச் சுத்தியிருக்கற கடல்தான் இதையும் குடுக்குது. கோடையைத் திருடிக்கிட்டு குளிர்காலத்துல வட்டியோட திருப்பித் தருதுன்னு வச்சுக்கங்களேன்.

வல்லைக்காற்று:
வட்டி கொஞ்சம் குறைவு. சரி, பிள்ளையளுக்கு மே கடைசியில ஒரு கிழமை லீவு. அங்க கூட்டிக்கொண்டு வரலாமோ?

இரவுப்பணி:
மே வேணாம் அண்ணா, அதுதான் ஃப்ரெட் சீசன். ஆகஸ்ட் கடைசியில வாங்க, தண்ணி அப்பதான் உள்ளதுல சூடு. பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கங்க.

வேலூரான்:
மேயிலயும் வரலாம் அண்ணா, அக்கா சும்மா பயமுறுத்தறாங்க. என் ஜன்னல்லேர்ந்து செயின்ட் மேரீஸ் கலங்கரை விளக்கம் முழுசா தெரியுது, இப்ப கூட

இரு, தெரியல. பத்து நிமிஷம் முன்னாடி இருந்துச்சு. கொடியில துணி கிடக்கு, வந்து எழுதறேன்.