சொட்டுநீர் போட்டால் ஆற்றில் உப்பு குறையுமா?

காவேரிப்பட்டணம் ஆற்றோரம்:
வணக்கம். தென்பெண்ணையை ஒட்டி ரெண்டு ஏக்கர், கிணற்றுப் பாசனம். தக்காளியும் பீன்ஸும் மாற்றி மாற்றி வைக்கிறோம். கோடை வந்தால் வரப்போரம் வெள்ளையாகப் பூக்கிறது, பீன்ஸ் இலை ஓரம் கருகுகிறது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில் இ.சி. (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 2.1 என்று வந்தது. ஊர்க் கூட்டத்தில் ஒருத்தர், மேலே இருக்கிறவர்கள் எல்லாம் சொட்டுநீருக்கு மாறினால் ஆற்றில் உப்பு தானாகக் குறையும் என்கிறார். தண்ணீர் மிச்சமாகும், சரி. உப்பு எப்படிங்க குறையும்? குழாய் விற்கிறவர் பேச்சா, இல்லை நிஜமாகவே விஷயம் இருக்கிறதா?

பாசனப் பிரிவு, ஓய்வு:
விஷயம் இருக்கிறது. பயிர் தண்ணீரைத்தான் குடிக்கும், உப்பில் பெரும்பங்கை மண்ணிலேயே விட்டுவிடும். வயல் நிறையப் பாய்ச்சும்போது மிஞ்சுகிற தண்ணீர் அதையும் அடிமண்ணில் கிடக்கிற உப்பையும் கரைத்துக்கொண்டு, கசிந்து கசிந்து ஆற்றுக்கே போய்ச் சேர்கிறது, அதைக் கீழே இருப்பவர் இறைத்து மறுபடி பாய்ச்சுகிறார், இப்படியே கடைமடை வரைக்கும் உப்பு ஏறிக்கொண்டே போகும். கசிவு குறைந்தால் கரைந்து வருவதும் குறையும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றுக்கு 1974லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். அங்கே கிராண்ட் பள்ளத்தாக்கில் மண் வாய்க்கால்களுக்கு கான்கிரீட் பூசி, குழாய் பதித்து, பாய்ச்சும் முறையையும் மாற்றியதில் ஆற்றுக்குப் போகிற உப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் அங்கே வயலுக்கு அடியில் பழைய கடல் படிவு, உப்பு ஊறிய களிப்பாறை. நமக்கு அடியில் கருங்கல். அந்த அளவு பலனை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கே.ஆர்.பி. வாய்க்கால்:
சார், எல்லாவற்றையும் விவசாயி தலையில் கட்டாதீங்க. இதே ஆற்றில் மேலே இருக்கிற ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் நுரை மலை மாதிரி பொங்குவதைப் பார்க்காதவர் யார்? பெங்களூரு பக்கத்துக் கழிவுநீர் அப்படியே வருகிறது, அதில் உள்ள உப்புக்குச் சொட்டுநீர் என்ன செய்யும்? அப்புறம் வாய்க்காலுக்கு கான்கிரீட் போடு என்பது சுலபம். அந்தக் கசிவை நம்பித்தான் வாய்க்காலோரக் கிணறுகள் எல்லாம் ஓடுகின்றன.

பாலக்கோடு தக்காளி:
ரெண்டு பேர் சொல்வதும் நிஜம்தான். ஆற்றை விடுங்க, முதலில் உங்க வயலைப் பார்ப்போம். பீன்ஸ் உப்பே தாங்காது, மண்ணில் இ.சி. 1 தாண்டினாலே விளைச்சல் இறங்கும், தக்காளி 2.5 வரை நிற்கும். கோடையில் பீன்ஸை விட்டுவிடுங்க.

சொட்டுநீர் போட்டால் உப்பு மாயமாகாது, ஈரம் முடிகிற ஓரத்தில் வட்டமாக ஒதுங்கி நிற்கும், கண்ணுக்கே தெரியும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: கோடை மழை லேசாகத் தூறியதும் மோட்டாரை நிறுத்துவார்கள், தூறல் அந்த ஓரத்து உப்பை நேராக வேருக்கு இறக்கும், அடுத்த வாரமே செடி வாடும். லேசான மழையில் சொட்டுநீரை ஓடவிடணும். வெளுத்து வாங்கினால் நிறுத்தலாம், ஐப்பசி அடைமழை உப்பை அடிக்குக் கொண்டுபோய்விடும். சிறு, குறு விவசாயிக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறது, சான்றிதழ் வாங்கத்தான் கொஞ்சம் அலையணும்.

காவேரிப்பட்டணம் ஆற்றோரம்:
நன்றிங்க. அப்போ என் கிணற்றில் இருப்பது ஆற்று உப்பா, எங்க வயல் உப்பா?

பாசனப் பிரிவு, ஓய்வு:
அதைக் கண்டுபிடிக்கலாம். ஆறு, கிணறு ரெண்டிலும் ஒரே நாளில் தண்ணீர் எடுங்கள், கோடையில் ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து ஒரு தடவை. ஆற்றைவிடக் கிணற்றில் எப்போதும் நிறைய அதிகம் என்றால், பெரும்பாலும் சுற்றுவட்ட வயல்களின் கசிவுதான். அப்போது பக்கத்து நெல்வயல்காரர்களையும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது கட்டிய தண்ணீர் வற்றிய பிறகே மறுபடி, தண்ணீர் கட்டச் சொல்லிப் பேசுங்கள். ரெண்டும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் வாய்க்கால்காரர் சொன்ன கழிவுநீர்ப் பக்கம் பார்க்கணும். மோட்டார் போட்டதும் பிடிக்காதீர்கள், குழாயில் நின்ற தண்ணீர்தான் வரும், பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை அலசிவிட்டுப் பிடியுங்கள்.