வெள்ளி சாயங்கால ஸ்பெஷல் கிளாஸும் சபாத்தும்: கணக்கு டீச்சர்கள் யோசனை சொல்லுங்கள்

கேள்வி: கணக்கு டீச்சர், சூரமங்கலம்

வணக்கம். பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். நாங்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். பூர்வீகம் கொங்கண் பக்கம். அப்பாவுக்கு உருக்காலையில் வேலை என்பதால் நான் பிறந்தது, படித்தது எல்லாம் சேலத்தில்தான். எங்கள் முன்னோர் கொங்கணில் செக்காட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது, அதனாலேயே ஊரில் அவர்களுக்குச் ‘சனிவார் தேலி’, அதாவது சனிக்கிழமை செக்கார், என்று பெயர். அந்த வழக்கத்தை நான் விடுவதாக இல்லை. வேலையையும் விட மனசில்லை.

இந்த வருடம் வெள்ளி 4.30 முதல் 5.45 வரை ஸ்பெஷல் கிளாஸ், சனி காலை தேர்வு என்று டைம்டேபிள் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு சபாத் என்ற வார ஓய்வுநாள் வெள்ளி சூரியன் மறைவதற்குள் ஆரம்பித்து சனி ராத்திரி நட்சத்திரம் தெரியும்வரை. மறைவதற்கு 18 நிமிடம் முன்பே விளக்கேற்றிவிட வேண்டும். ஜூன், ஜூலையில் சேலத்தில் 6.40 வாக்கில்தான் மறைகிறது, ஓடிப்போய்ச் சேர்ந்துவிடலாம். நவம்பரில் 5.50-க்கே மறைந்துவிடும். விளக்கு 5.30-க்கு. சபாத்தில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பதால், மறுநாள் மதியச் சாப்பாடுவரை அதற்குள் சமைத்து முடித்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. பிள்ளைகள் இரண்டு பேர், சின்னவனுக்கு நான்தான் ஊட்டிவிட வேண்டும்.

சபாத்தில் எழுதவும் கூடாது. விடைத்தாள் கட்டு பீரோவிலேயே இருக்கும், ஞாயிறுதான் திருத்துவேன். ஆனால் சனி மதியம்தான் எட்டாவது படிக்கும் என் பெண்ணோடு நிஜமாகக் கணக்குப் போடும் நேரம். பேனா கிடையாது, எல்லாம் வாய்க்கணக்கு. போன வாரம் 37-ஐ 43-ஆல் பெருக்கச் சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “அம்மா, 40-லிருந்து ரெண்டும் மூணு மூணு தள்ளி இருக்கு. 1600-ல 9 போச்சுன்னா 1591” என்றாள். இந்த நேரத்தை எந்தத் தேர்வுக்காகவும் தர முடியாது.

நிர்வாகத்திடம் எப்படிக் கேட்பது? வீட்டையும் வகுப்பையும் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

பதில்: மலைப்பாதை, ஏற்காடு

டீச்சர், நான் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபை. எங்களுக்கும் வெள்ளி அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம்வரை ஓய்வுநாள்தான். இங்கே ஹாஸ்டலோடு கூடிய பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வாராவாரம் போய் பர்மிஷன் கேட்காதீர்கள், இரண்டு பக்கமும் சலித்துப்போகும். வருட ஆரம்பத்திலேயே ஒரு கடிதம் கொடுத்து, எல்லா வெள்ளிக்கிழமைக்கும் சூரியன் மறையும் நேரத்தை அட்டவணையாக இணைத்துவிடுங்கள். எந்தெந்த மாதம் சிக்கல், எப்போது இல்லை என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம், பதிலுக்கு நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். நான் ஞாயிறு காலை ஸ்டடி ஹவரைப் பொறுப்பேற்றுக்கொண்டேன். மற்ற டீச்சர்கள் ஞாயிறு சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்களுக்கும் அது வசதியாகப் போயிற்று.

பதில்: பிளஸ் டூ அம்மா

தப்பாக நினைக்க வேண்டாம் மேடம். என் பையன் கலப்பெண்கள் பாடத்திலேயே திணறுகிறான். தேர்வு அன்றைக்கு டீச்சர் இல்லையென்றால் சந்தேகத்தை யாரிடம் கேட்பான்?

பதில்: கோட்டை பாய் வீட்டு டீச்சர்

எங்கள் பள்ளியில் ரமலான் மாதத்தில் எனக்கு மட்டும் ஸ்பெஷல் கிளாஸைக் காலை 8 மணிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நோன்பு திறக்க வீட்டில் இருக்க வேண்டுமே! இப்போது வருடம் முழுக்க அதே நேரம்தான். பிள்ளைகள் காலையில் தெளிவாக இருக்கிறார்கள். எங்கள் பண்டிகைகள் வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். உங்களுக்கும் அப்படித்தானா அக்கா?

பதில்: கணக்கு டீச்சர், சூரமங்கலம்

எல்லோருக்கும் நன்றி. பையனோட அம்மாவுக்கு: நீங்கள் கேட்டது நியாயம். தேர்வை யார் வேண்டுமானாலும் மேற்பார்வை செய்யலாம். சந்தேகம் தீர்ப்பதுதான் என் வேலை. திங்கள் காலை 8 மணிக்கு, திருத்திய தாளைக் கையில் கொடுத்து ஒவ்வொரு பிள்ளையோடும் உட்காருகிறேன் என்று கடிதத்தில் எழுதப்போகிறேன்.

தங்கச்சி, எங்களுடையதும் நகரும், ஆனால் திரும்பி வந்துவிடும். நிலாக் கணக்கில் 12 மாதம் என்றால் 354 நாள்தான். அந்தக் குறையை ஈடுகட்ட 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதம் கூடுதலாக வரும். தெலுங்கு, கன்னட வீடுகளில் அதிக மாசம் என்கிறார்களே, அதே ஏற்பாடு. மொத்தம் 235 மாதம். 19 சூரிய வருடத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சுமார் 2 மணி நேரம்தான். யூத வருடத்தை 19-ஆல் வகுத்து மீதி 0, 3, 6, 8, 11, 14, 17 என வந்தால் அந்த வருடம் 13 மாதம். பத்தாவதில் மட்டு எண்கணிதம் (மீதியை வைத்துப் போடும் கணக்கு) நடத்தும்போது யூத வருடம் 5784-ஐப் போர்டில் எழுதி வகுக்கச் சொல்வேன். மீதி 8.

அதனால்தான் எங்கள் பஸ்கா பண்டிகை 2024-இல் ஏப்ரல் 22 மாலை, 2025-இல் 12, 2026-இல் 1 என்று முன்னால் வந்துகொண்டே இருந்து, 2027-இல் மறுபடியும் 21-க்குப் போகிறது. அந்தப் பண்டிகை நாட்களில் வீட்டில் பிரெட், பிஸ்கட், கோதுமை மாவு ஒரு துணுக்குகூட இருக்கக் கூடாது, அலமாரி அலமாரியாகத் துடைக்க வேண்டும். பொதுத்தேர்வுத் தாள் திருத்தும் முகாமும் ஏப்ரலில்தான் விழுகிறது. ஏற்காடு டீச்சர், அந்த முகாமில் சனிக்கிழமைக்கு நீங்கள் யாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பீர்கள்? பள்ளித் தலைமையாசிரியர் வழியாகவா, நேராக முகாம் அலுவலரிடமா?