சிலிண்டர் குறையக் குறையச் சுடர்வேகமும் இறங்குகிறது
திருகோணமலை உப்புவெளியில் பன்சன் முறையில் (குழாய் வாயில் எரியும் கூம்புச் சுடரின் கோணத்தைக் கொண்டு) சமையல் எரிவாயுவின் சுடர்வேகம், அதாவது எரியாத கலவைக்குள் சுடர் முன்னேறும் வேகம், அளக்கிறோம். 12 மிமீ உள்விட்டப் பித்தளைக் குழாய், நீளம் 1 மீட்டர். காற்று நிமிடத்துக்கு 10 லீட்டர், எரிவாயு 0.4. புது 12.5 கிலோ சிலிண்டரில் கூம்பின் அரைக்கோணம் 15 பாகை, வேகம் செக்கனுக்கு 40 செமீ. பாதி தீர்ந்ததும் 12.5 பாகை, 33 செமீதான், உட்கூம்பும் பச்சையாகிறது. மூன்று வாரமாக இதே தொல்லை.

சவர்க்கார நுரை வைத்துப் பார்த்தோம், கசிவில்லை. கடற்காற்றின் ஈரத்தைச் சிலிக்கா ஜெல்லால் எடுத்தும் மாற்றமில்லை. சிலிண்டரில் கலந்திருக்கும் இரு வாயுக்களில் புரோப்பேன் முதலில் ஆவியாகி பியூட்டேன் மிஞ்சுவதாகச் சந்தேகம்: முழு எரிவுக்குக் காற்றுக் கலவையில் புரோப்பேன் 4% வேண்டும், பியூட்டேன் 3.1% போதும், அதனால் அதே ஓட்டத்தில் எரிபொருள் கூடிவிடும். வாயு ஓட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டரும் அடர்த்தி மாறினால் பொய் சொல்லும்.

வாயுக்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராப் கருவி இல்லாமல், ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் வாயுவின் கலவையை எப்படிக் கண்டறியலாம்?