ஞானப்பிரகாசர் சுவாமி: வரலாற்றாசிரியரா, திருச்சபையின் வழக்கறிஞரா?

வன்னியன்:
நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1928-இல் எழுதிய யாழ்ப்பாண வரலாற்று ஆய்வு நூலான 'யாழ்ப்பாண வைபவ விமர்சன'த்தைக் கடைசித் தீர்ப்பு மாதிரி இங்கே பலர் எடுத்துப் போடுகிறீர்கள். அவர் அமலமரித் தியாகிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குரு. இலங்கைக் கத்தோலிக்க திருச்சபையின் வரலாற்றை எழுதியவர். 1544-இல் மன்னாரில் கத்தோலிக்கராக மதம் மாறியவர்களைக் கொன்ற யாழ்ப்பாண அரசன் சங்கிலியை அவர் நடுநிலையோடு பார்த்திருப்பார் என்று எப்படி நம்புவது?

வடலி:
அந்தக் கொலை பாதிரிமார் கட்டிய கதை இல்லையே, அண்ணை. மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய பழைய யாழ்ப்பாண வரலாற்று நூலான வைபவமாலையே அறுநூறு பேர் வெட்டுண்டதாகச் சொல்கிறது. இன்னொன்று. அந்த நூலில் சங்கிலி ஒருவன்தான். 1544-இல் ஆண்டவனே 1619-இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டிருக்க முடியுமா? இடையில் 75 வருடம்! இப்படிச் சிக்கிக் கிடந்த காலக்கணக்கைப் போர்த்துக்கேயப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பிரித்தெடுக்கப் பாடுபட்டவர் சுவாமி. இதில் மதம் எங்கே வந்தது?

வன்னியன்:
அந்தப் பதிவுகளில்தான் வந்தது. போர்த்துக்கேயரான குவேறோஸ் பாதிரியார் இலங்கை பற்றிய தம் நூலை 1687-இல் முடித்தது கோவாவில் இருந்துகொண்டு. வென்றவன் பக்கத்துக் கணக்கு அது. அதன் வழியாகப் பார்த்தால் சங்கிலி கொடுங்கோலன், 1621-இல் நல்லூர்க் கோயிலை இடித்த போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா வீரன். இடிபட்ட கோயிலின் பக்கம் நின்று எழுத அன்றைக்கு யார் இருந்தார்கள்?

கயல்:
குறுக்கே வருகிறேன், மன்னியுங்கள். சுவாமி 1875-இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்தவர். ரயில்வே எழுத்தர் வேலையை விட்டு, 1901-இல் குருவானார். தமிழ்ச் சொற்களின் வேரை அ, இ, உ போன்ற சுட்டொலிகள் வரை தேடிப்போய், சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அது முடியும் முன்பே 1947-இல் இறந்துபோனார். தமிழுக்கு இவ்வளவு செய்தவரை 'சபையின் ஆள்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

வன்னியன்:
அகராதிக்குக் கைகூப்புகிறேன், தங்கச்சி. ஆனால் தமிழ்ப்பற்று வரலாற்று நடுநிலைக்குச் சாட்சி ஆகாது. தம் சபையின் கதையைத் தாமே எழுதுகிறவரை இரண்டு மடங்கு சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

வடலி:
சரி, சந்தேகப்படுங்கள். அரசவை ஏடுகள் நமக்கு மிஞ்சாதபோது எதிரி எழுதியதையும் படித்துத்தான் ஆகவேண்டும். வைபவமாலையையும் விமர்சனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, சபைக்காக அவர் ஆதாரத்தை வளைத்த இடம் ஒன்றை, ஒன்றே ஒன்றை, இங்கே எடுத்துப் போடுங்கள். அதை வைத்துப் பேசுவோம்.