முகப்புப் பக்கம் எல்லோருக்கும் வங்காளத்திலேயே திறக்கிறது: பன்மொழித் தளத்தில் என்ன கோளாறு?

கேள்வி: தோட்டப்பாளையத்தார், வேலூர்

வணக்கம். வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகில், சிகிச்சைக்கு வருவோரும் அவர்களுடன் இருப்போரும் தங்கும் விடுதி ஒன்றின் இணையதளத்தைப் பராமரித்து வருகிறேன். கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலில் காட்பாடிக்கு வந்து இறங்குபவர்களே எங்கள் விருந்தினர்களில் மிகுதி என்பதால், தளம் தமிழ், ஆங்கிலம், வங்காளம், இந்தி ஆகிய நான்கு மொழிகளில் இருக்கிறது. தளத்தை வேர்ட்பிரஸ் என்னும் தள உருவாக்க மென்பொருளில் அமைத்து, பல மொழிகளைக் கையாள அதில் பாலிலேங் செருகுநிரலைப் பயன்படுத்துகிறோம். தமிழ் முதன்மை மொழி. அதற்கு முகவரியில் மொழிக் குறியீடு இல்லை, மற்ற மூன்றுக்கும் உண்டு.

குடியாத்தத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் அழைப்பவர்கள், தளத்தைத் திறந்தால் வங்காள எழுத்துதான் வருகிறது என்கிறார்கள். மேலே உள்ள ‘தமிழ்’ என்பதைத் தொட்டாலும் மீண்டும் வங்காளப் பக்கத்துக்கே போகிறது. ஆனால் அறைக் கட்டணப் பக்கத்தின் முகவரியை நேரடியாக அனுப்பினால் அது தமிழில் சரியாகத் திறக்கிறது. சர்வரின் கேஷை (விரைவாகத் தருவதற்காகச் சேமித்து வைக்கும் பக்க நகல்களை) நீக்கினால் சிறிது நேரம் ஒழுங்காக இருந்துவிட்டுப் பழையபடி ஆகிறது. சில நாள்களில் வங்காளத்துக்குப் பதிலாக இந்தி வருகிறது. செருகுநிரலை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியும் பயனில்லை. அறை கிடைக்குமா என்று பதற்றத்தோடு தேடுபவர்கள் படிக்க முடியாத பக்கத்தில் போய் நிற்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லி உதவுங்கள்.

பதில்: சத்துவாச்சாரி நிரலர்

வணக்கம் ஐயா. நீங்கள் தந்துள்ள விவரங்களிலேயே விடை பாதி இருக்கிறது. உள்பக்கங்கள் சரியாக இருந்து முகப்பு மட்டும் தவறுவதும், கேஷை நீக்கியவுடன் சரியாவதும், வரும் மொழி நாளுக்கு நாள் மாறுவதும் ஒன்றாகச் சேர்ந்தால், மொழிபெயர்ப்புகளில் குறையில்லை, முகப்பு முகவரிக்கான பதில்தான் தவறாகச் சேமிக்கப்படுகிறது என்று பொருள்.

பாலிலேங்கின் அமைப்புகளில், உலாவியின் மொழியைக் கண்டறிந்து அதற்கேற்ற முகப்பைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. அது இயங்கும்போது, வங்காளத்தில் அமைத்த கைபேசியிலிருந்து ஒருவர் உங்கள் முகப்பைத் திறந்தால், செருகுநிரல் அவரை வங்காள முகப்புக்குத் திருப்பிவிடும். அதுவரை எல்லாம் முறைப்படிதான். ஆனால் உங்கள் சர்வரில் உள்ள கேஷ் அந்தத் திருப்பிவிடும் பதிலையே முகப்புக்கு உரிய பதிலாகச் சேமித்துக்கொண்டால், அடுத்து வரும் ஒவ்வொருவருக்கும், அவர் குடியாத்தத்துக்காரராக இருந்தாலும், அதையே எடுத்துக் கொடுக்கும். வேர்ட்பிரஸ் வரை கோரிக்கை போகாததால், செருகுநிரல் தலையிட வாய்ப்பே இல்லை. தமிழ் முகப்பும் அதே முகவரியில் இருப்பதால்தான் ‘தமிழ்’ என்பதைத் தொடுபவரும் திரும்பவும் அங்கேயே தள்ளப்படுகிறார். கேஷை நீக்கியபின் முதலில் வருபவரின் கைபேசி எந்த மொழியில் இருக்கிறதோ, அந்த மொழிதான் அன்றைக்கு எல்லோருக்கும்.

இதை உறுதிசெய்வது எளிது. கணினியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியைப் பார்த்தபடி முகப்பைத் திறங்கள். முதல் வரியில் பக்கம் நேராகக் கிடைத்ததைக் குறிக்கும் 200 என்ற எண்ணுக்குப் பதில், வேறு முகவரிக்குத் திருப்பிவிடுவதைக் குறிக்கும் 302 இருந்து, அதன் விவரத்தில் லொகேஷன் என்னும் இடத்தில் வங்காள முகவரியும் இருந்தால், சந்தேகத்துக்கு இடமில்லை. கேஷிலிருந்து வந்த பதில் என்பதைப் பல சர்வர்கள் எக்ஸ்-கேஷ் என்ற வரியில் ஹிட் என்று தெரிவிக்கும்.

முகப்பை மட்டும் கேஷிலிருந்து விலக்கியும் இதைத் தீர்க்கலாம். ஆனால் சிக்னல் குறைவான இடத்திலிருந்து பார்ப்பவருக்கு முகப்பே தாமதமாகும். மொழியைக் கண்டறியும் வசதியை நிறுத்திவிடுவதே சரி என்பது என் உறுதியான கருத்து. வங்காளம் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவரின் கையில் இருக்கும் கைபேசி ஆங்கிலத்தில் அமைந்திருப்பது மிகச் சாதாரணம். உலாவியின் மொழியை வைத்து ஆளின் மொழியை ஊகிக்க முடியாது. ஒவ்வொரு மொழிக்கும் நிலையான முகவரி இருக்கட்டும். பக்கத்தின் உச்சியில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலேயே இருக்கட்டும். கொடிப் படங்களை வைக்க வேண்டாம். வங்காளத்துக்கு வங்கதேசக் கொடியை வைத்தால் கொல்கத்தாவிலிருந்து வருபவருக்கு அது பொருந்தாது.

வசதியை நிறுத்தியபின் கேஷை உள்ளிருந்து வெளியே வரிசையாக நீக்குங்கள்: முதலில் வேர்ட்பிரஸில் உள்ளது, பிறகு சர்வரில் உள்ளது, தளத்தின் நகல்களைப் பல ஊர்ச் சர்வர்களில் வைத்துத் தரும் சி.டி.என். சேவையைப் பயன்படுத்தினால் கடைசியில் அது. வெளியில் இருப்பதை முதலில் நீக்கினால், உள்ளே மிஞ்சியிருக்கும் பழைய பதிலை அது மீண்டும் எடுத்துக்கொள்ளும்.

தோட்டப்பாளையத்தார்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே 302, வங்காள முகவரி, ஹிட் மூன்றும் தெரிந்தன. வசதியை நிறுத்தி, வரிசைப்படி கேஷை நீக்கியபின் முகப்பு தமிழில் திறக்கிறது; ‘தமிழ்’ என்பதும் வேலை செய்கிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். வங்காளப் பக்கம் முழுவதும் மொழிபெயர்க்கப்பட்டிருந்தும் முன்பதிவுப் பொத்தான் மட்டும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. அடுத்ததாக உருதுவும் சேர்க்க விரும்புகிறோம். அதற்குத் தனியாக ஏதேனும் செய்ய வேண்டுமா?

பதில்: பாலாற்றங்கரை

பொத்தானின் சொற்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். தீமின் (தளத்தின் தோற்றத்தை வகுக்கும் வார்ப்புருவின்) அமைப்பில் நீங்கள் தட்டச்சு செய்ததாக இருந்தால், பெரும்பாலும் பாலிலேங்கின் சரங்கள் (சிறு சொற்றொடர்கள்) மொழிபெயர்ப்புப் பகுதியில் தேடினால் கிடைக்கும். அங்கே இல்லையென்றால் அது தீமின் நிரலுக்குள் இருக்கிறது. அதைத் தீமின் மொழிக் கோப்பில்தான் மாற்ற வேண்டும். லோகோ டிரான்ஸ்லேட் செருகுநிரலில் அதைச் செய்யலாம். சேமிக்கும் இடத்தைக் கேட்கும்போது தீமின் சொந்தக் கோப்புறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தீம் புதுப்பிக்கப்படும்போது உங்கள் உழைப்பு அழிந்துவிடும்.

மொழிபெயர்ப்புகளை வேர்ட்பிரஸ் படிக்கும் வடிவில் வைத்திருக்கும் எம்.ஓ. கோப்பைக் கையால் மாற்றுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2024 ஏப்ரலில் வெளியான வேர்ட்பிரஸ் 6.5 முதல், மொழிபெயர்ப்புகள் பி.எச்.பி. வடிவிலும் வைக்கப்படுகின்றன, ஒரே மொழிக்கு இரண்டும் இருந்தால் வேர்ட்பிரஸ் பி.எச்.பி. கோப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். எம்.ஓ. கோப்பைத் திருத்தியும் பக்கத்தில் மாற்றம் தெரியவில்லையென்றால், பழைய பி.எச்.பி. கோப்பு அதே கோப்புறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பதில்: வாணியம்பாடியிலிருந்து

உருதுவைச் சேர்க்கும்போது எழுத்தின் திசையை வலமிருந்து இடம் என்று பாலிலேங்கில் தேர்ந்தெடுங்கள். உங்கள் தீம் அந்தத் திசையை ஆதரிக்கிறதா என்பதை முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது அவசியம். இல்லையென்றால் மெனுவும் படங்களும் இடம் மாறி நிற்கும்.

உங்களைப் போன்ற விடுதிக்கு மிக முக்கியமானது தொலைபேசி எண். 0416 என்று தொடங்கி, இடைவெளி விட்டுப் பிரித்து எழுதிய எண்ணை உருது வரிக்குள் அப்படியே வைத்தால், பிரிவுகளின் வரிசை தலைகீழாகி 0416 கடைசிக்குப் போய்விடும். எண் வரும் இடத்துக்கு மட்டும் இடமிருந்து வலம் என்ற திசையை எச்.டி.எம்.எல்.லில் தனியாகக் கொடுத்துவிடுங்கள். எழுத்துருவாக நோட்டோ நஸ்தாலீக் உருதுவை வைத்தால் படிப்பவர்களுக்குப் பழகிய வடிவில் இருக்கும். ஆனால் நஸ்தாலீக் எழுத்துகள் சரிந்து கீழிறங்குபவை என்பதால், வரிகளுக்கு இடையிலான உயரத்தைத் தமிழுக்கு வைத்ததைவிட அதிகமாக்க வேண்டும். பொத்தான்களில் எழுத்தின் மேலும் கீழும் வெட்டுப்படுகின்றனவா என்பதைக் கைபேசித் திரையில் பாருங்கள். கணினித் திரையில் அது எளிதில் கண்ணில் படாது.