ஃப்ரீலேண்டர் விஸ்கஸ் கப்ளிங் இறுகிவிட்டதா? கழற்றாமல் சோதிக்க வழி உண்டா?

கேள்வி: டீசல்நேசன்

வணக்கம். பிரிட்டனில் 2003-ஆம் ஆண்டின் முதல் தலைமுறை லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டர் டீசல் வண்டியைப் பழையதாக வாங்கி ஓட்டி வருகிறேன். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ரிவர்ஸ் எடுத்தால், பிரேக் பிடித்ததுபோல வண்டி நின்றுவிடுகிறது. நேராக ஓட்டும்போது குறை எதுவும் தெரியவில்லை. ஒரு பணிமனையில் எதையும் சோதிக்காமலேயே விஸ்கஸ் கப்ளிங்கை மாற்றச் சொல்கிறார்கள். பின்பிரேக் உரசுவதாலும் இப்படி ஆகலாம் அல்லவா? செலவு செய்வதற்கு முன் வீட்டு வாசலிலேயே உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: பழைய ஸ்பேனர்

வணக்கம். நீங்கள் சொல்லும் அறிகுறி கப்ளிங்கையே சுட்டுகிறது என்றாலும், பிரேக்கைச் சந்தேகிப்பதும் நியாயமே. இந்த வண்டியில் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. பின்சக்கரங்களுக்கு இயக்கத்தைக் கொண்டுசெல்லும் இரண்டு புரொப்பல்லர் ஷாஃப்டுகளுக்கு இடையிலுள்ள உருளையான விஸ்கஸ் கப்ளிங்தான் வேக வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறது. அதனுள் துளையிட்ட மெல்லிய தகடுகள், ஒன்று கூட்டோடும் அடுத்தது அச்சோடுமாக மாறி மாறி நிற்க, இடைவெளியைச் சிலிக்கோன் திரவம் நிரப்பியிருக்கும். பல ஆண்டு வெப்பத்தில் அத்திரவம் கெட்டிப்பட்டால், வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல முடியாமல் ஒன்றையொன்று இழுக்கும். அந்த இழுப்பு முழுவதும் ஐ.ஆர்.டி. எனப்படும் முன்பக்கப் பகிர்வுப்பெட்டியின் மீதும் பின் டிஃபரன்ஷியல் மீதும் விழுவதால், தள்ளிப்போடுவது நல்லதல்ல.

சோதனைக்குச் சமதளம் அவசியம். முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைத்து, இன்ஜினை நிறுத்தி, முதல் கியரில் விட்டு, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். வெறும் ஜாக்கியை நம்ப வேண்டாம். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைப் பிடிப்பதால் அதை விடுவித்தே ஆக வேண்டும். சக்கரத்தின் நடுமூடியை எடுத்துவிட்டு, ஹப் நட்டில் சாக்கெட்டைப் பொருத்தி, ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளமுள்ள கம்பியைப் படுக்கை நிலையிலிருந்து 45 பாகை மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். கம்பி இறங்கும் திசை நட்டை இறுக்கும் திசையாக இருக்க வேண்டும். நுனியில் 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டால், கம்பி படுக்கை நிலைக்கு வரும்போது ஏறக்குறைய 59 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைக்கும்.

முதலில் கியர்ப் பற்களின் தளர்வு தீரும்வரை கம்பி சட்டென்று கொஞ்சம் இறங்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல், அதன் பிறகு நேரத்தைக் குறியுங்கள். நல்ல கப்ளிங் என்றால் தேன் வடிவதுபோல நிற்காமல் மெதுவாக இறங்கும். தடதடவென்று விழுந்தால் கப்ளிங் பிடிப்பை இழந்துவிட்டது. பல நிமிடங்களாகியும் அசையாவிட்டால் இறுகிவிட்டது. வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒருமுறையும், ஓட்டி வந்த பிறகு ஒருமுறையும் பாருங்கள்; சூட்டில் திரவம் இளகுவதால் இரண்டாவது முறை விரைவாக இறங்க வேண்டும். ஓட்டி வந்ததும் உருளையைத் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கொண்டு தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கையும் சுடும்.

பதில்: மழைச்சாலை

டயர்களையும் பார்த்துவிடுங்கள். நான்கும் ஒரே அளவு, ஒரே வகை, சரியான காற்றழுத்தம் உள்ளவையாக இருக்க வேண்டும். இரண்டு மட்டும் புதிதாக வாங்கினால் அவை பின்னால் போக வேண்டும். முன்னால் புதியதும் பின்னால் தேய்ந்ததுமாக ஓட்டினால் சுற்றளவு வேறுபட்டு, நேர்ச்சாலையிலும் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடேறும். எம்.ஓ.டி. எனப்படும் பிரிட்டனின் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனைக்குப் போகும்போதும் இது நிரந்தர நான்கு சக்கர இயக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சக்கரங்களைச் சுழற்றி பிரேக்கைச் சோதிக்கும் உருளைப் பொறியில் ஓர் அச்சை மட்டும் சுழற்றக் கூடாது.

கேள்வி கேட்டவர்: டீசல்நேசன்

இருவருக்கும் நன்றி. டயர்கள் ஒரே வகையே, காற்றும் சரியாக இருக்கிறது. கேனைத் தொங்கவிட்டதும் கம்பி ஒரு விரல் அகலம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. சூடான பிறகும் அதே நிலைதான். ஆனால், பிரேக் உரசினாலும் கம்பி இப்படித்தானே நிற்கும்?

பதில்: பழைய ஸ்பேனர்

நிற்கும். அதைப் பிரித்தறிய, ஷாஃப்டுகள் இணையும் ஃபிளேஞ்சுகளில் அடையாளக் கோடு போட்டுக்கொண்டு இரண்டு ஷாஃப்டுகளையும் கப்ளிங்கோடு சேர்த்துக் கழற்றுங்கள். முன்பின் சக்கரங்களுக்கு இடையே இப்போது தொடர்பு இல்லாததால், தூக்கிய பின்சக்கரம் கையாலேயே சுழல வேண்டும். சுழன்றால் பிரேக்கின் மேல் பழியில்லை. முன்சக்கர இயக்கத்தில் வண்டி வழக்கம்போல ஓடும், ரிவர்ஸில் அந்தப் பிடிப்பும் மறைந்திருக்கும். புதிய கப்ளிங் வரும்வரை அப்படியே ஓட்டலாம், ஈரப் புல்வெளியில் மட்டும் இறக்காதீர்கள். மாற்றும்போது இருபுறமும் அதைத் தாங்கும் பேரிங்குகளையும் சேர்த்தே மாற்றுங்கள். அதற்கு முன் ஐ.ஆர்.டி. எண்ணெயை வடித்து வெளிச்சத்தில் பாருங்கள்: உலோகச் சில்லுகள் தென்பட்டால், கப்ளிங்குக்குப் பணம் கட்டுமுன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதே முதல் வேலை.