தமிழ் பிடிஎஃப்ல எழுத்தை மட்டும் பெருசாக்க வழி இருக்கா?

கேள்வி: அப்பா போன்ல படிக்கட்டும்னு ஒரு நாவலும் ஒரு வெண்பா புக்கும் பிடிஎஃப்பா ஏத்திக் குடுத்தேன். எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி தெரியுது, பெருசாக்குனா ஒவ்வொரு வரிக்கும் இடம் வலம்னு தள்ளிக்கிட்டே இருக்கணும், மனுஷன் கடுப்பாகி போனை வச்சிட்டார். நாவலை கேலிபர்ங்கிற மின்னூல் மாத்துற மென்பொருள்ல ஈபப்ங்கிற மின்னூல் வடிவமா ஆக்குனா கொடிங்கிறது "ெகாடி"ன்னு வருது, நடுநடுவுல பக்க எண் வேற. செட்டிங் ஏதும் இருக்கா?

பதில் 1: செட்டிங்ல ஒண்ணும் இல்ல ப்ரோ. 1993ல அடோபி பிடிஎஃப் கொண்டு வந்ததே எங்க திறந்தாலும் அச்சுல வர்ற மாதிரியே தெரியணும்னுதான், அதனால எந்த எழுத்து பக்கத்துல எந்த இடத்துலங்கிறதுதான் உள்ள இருக்கும், இது பாரா இது பக்க எண்ணுன்னு பெரும்பாலும் இருக்காது. ஏ4 அகலம் 210 மிமீ, போன் 70 சொச்சம், 12 பாயின்ட் எழுத்து 4 பாயின்ட்டா சுருங்கிடும். ஈபப் அப்படி இல்ல, திரை அகலத்துக்கு தானே வரியை மடிச்சுக்கும். கொம்பு பிரச்சனை என்னன்னா, கம்ப்யூட்டர்ல எழுத்தை சேமிக்கிற முறையான யூனிகோட்ல க முதல்ல, கொம்பு அப்புறம், ஆனா பிடிஎஃப்ல இருந்து எடுக்கும்போது கண்ணுக்குத் தெரியிற வரிசையிலயே அள்ளிட்டு வந்துடுது. வெண்பா புக்ல ஒரு வார்த்தையை அழுத்திப் பிடிங்க, செலக்ட் ஆகுதா?

கேட்டவர்: ஆகலண்ணா.

பதில் 1: அப்ப அது ஸ்கேன். கேஓரீடர்னு ஒரு புக் படிக்கிற ஆப் இருக்கு, அதைப் போடுங்க, அதுல ரீஃப்ளோ (வரியை மடிச்சு அடுக்குறது) ஆன் பண்ணா பக்கத்தை படமாவே எடுத்து சொல் சொல்லா வெட்டி திரைக்கு ஏத்த மாதிரி அடுக்கிடும், எழுத்தைப் படிக்கிற வேலையே இல்லாததால நாவல்ல கொம்பும் இடம் மாறாது.

பதில் 2: வெண்பாவுக்கு மட்டும் ரீஃப்ளோ வேண்டவே வேண்டாம் தம்பி! அடிக்கு நாலு சீர், கடைசி அடிக்கு மூணு. எழுத்து பெருசாச்சுன்னா நாலாவது சீர் கீழ விழுந்து தனி அடி மாதிரி நிக்கும், எதுகை எங்க இருக்குன்னே தெரியாது. போனை படுக்க வச்சு மார்ஜினை வெட்டி அப்படியே படிக்கச் சொல்லு. இல்லன்னா தமிழ் நூல்களை இலவசமா போடுற மதுரைத் திட்டம் இணையதளத்துல அந்த நூல் யூனிகோட்ல இருக்கான்னு முதல்ல தேடு, பாதி வேலை மிச்சம்.

கேட்டவர்: நாவல் ஓகே ஆயிடுச்சு. வெண்பா படுக்க வச்சா அடி உடையல, ஆனா ஸ்கேன் ரொம்ப வெளிறிப்போய் இருக்கு.

பதில் 1: கீழ மெனுவுல கான்ட்ராஸ்ட் இருக்கும் பாருங்க, அதைக் கூட்டுங்க.